கண்ணாடித் தொட்டியும் மனச்சாட்சியும்

நம் கண்ணுக்கு அழகாயிருக்கிறது என்பதற்காக ஒரு ஜீவனைக் கண்ணாடிக்குள் அடைத்து வைப்பது நியாயமா? மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே பல உண்டு. ஆகையால் இக்கேள்வியைச் சற்று ஆராய்வது நலம்.

மீன்கள்மேலும் பறவைகள்மேலும் மனிதனுக்கு ஆளுகை தந்தவர் சர்வேசுரன். ஆனால் ஆதாமைச் சிங்காரவனத்தில் அவர் வைத்தது அதைப் பண்படுத்திக் காப்பதற்கே என்று ஆதியாகமம் உரைக்கிறது. 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே போதிக்கிறது. பிராணிகளை வளர்க்கலாம், வீணாக வதைக்கலாகாது, ஏழையின் துயர் தீர்க்கவேண்டிய பணத்தை அவற்றின்மேல் கொட்டலாகாது. ஆகவே மீன் வளர்ப்பது பாவமல்ல. எப்படி வளர்க்கிறோம் என்பதே கேள்வி.

பல வீடுகளில் தொட்டி வந்த அன்றே மீனும் வந்துவிடுகிறது. தண்ணீர் ஸ்படிகம்போல் தெளிந்திருக்கிறது. சில நாட்களில் மீன்கள் ஒவ்வொன்றாய்ச் செத்து மிதக்கின்றன. “எனக்குக் கைராசியில்லை” என்பார் ஒருவர். “வீட்டுக்கு வந்த திருஷ்டியை மீன் வாங்கிக்கொண்டது” என்பார் மற்றொருவர். ஞானஸ்நானம் பெற்றவர் வாயில் வரத்தகாத பேச்சு இது! காரணம் பெரும்பாலும் திருஷ்டியல்ல, அவசரம்.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியா என்னும் விஷமாகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷமே. வேறொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்ற, செடிகள் அதை உரமாக உறிஞ்சிக்கொள்கின்றன. இந்நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் பெருகச் சாதாரணமாய் 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா போன்ற எளிய செடிகளை நட்டு, அவை வேரூன்றக் காத்திருக்க வேண்டும். வெறுந் தொட்டியைப் பார்த்துப் பொறுத்திருப்பதே மீனுக்கு நாம் செய்யும் முதல் தர்மம்.

இரண்டாவது, நித்திய கவனிப்பு. ஓரிரு நிமிஷத்தில் தின்று தீர்க்குமளவே தீனி போடவேண்டும். விளக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். மிஞ்சினால் பாசி படரும். வாரந்தோறும் கால் பங்குத் தண்ணீரை மாற்றவேண்டும். குழாய்த் தண்ணீரானால் குளோரினைப் போக்கிய பிறகே ஊற்றவேண்டும். பல ஆண்டுகள் வாழக்கூடிய பொன்மீனைச் சிறு கிண்ணத்தில் விடுவது அதற்குச் சிறை.

மூன்றாவது, சலிப்புத் தட்டியபின் வரும் கடமை. வேண்டாத மீனையும் செடியையும் குளத்தில் விடுவது இரக்கமென்று எண்ணாதீர்கள். பாசி தின்னுமென்று வாங்கும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஓரடிக்கு மேலும் வளரும். தொட்டிகளிலிருந்து வெளியேறிய அது இன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் நீர்நிலைகளில் பெருகி, வலைகளைக் கெடுக்கிறது. நம் வீட்டுச் சலிப்புக்கு அபராதம் கட்டுகிறவன், அர்ச்சியசிஷ்ட இராயப்பரின் தொழிலைச் செய்யும் ஏழை. பூவழகுக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நம் ஏரிகளை மூடிக்கிடப்பதையும் காண்கிறோமே! வளர்க்க இயலாவிடில் கடைக்காரரிடமோ வளர்க்கத் தெரிந்தவரிடமோ ஒப்படையுங்கள்.

“பத்து இருபது ரூபாய் மீனுக்கு இத்தனையா?” என்பீர்கள். அற்பக் காசுக்கு விற்ற சிட்டுக்குருவிகளையும் சர்வேசுரன் மறப்பதில்லை என்று நம் ஆண்டவர் போதித்தாரன்றோ? நாய் குரைத்துப் பசியைச் சொல்லும்; பசு கத்தும். மீனோ நம் காதில் விழ எதுவும் சொல்லாது. கேட்கத் தெரியாத ஜீவனின் தேவையைத் தானாக அறிந்து செய்கிற பிள்ளை, நாளை படுக்கையில் கிடக்கும் பாட்டியின் தாகத்தையும் கேளாமலே அறிவான்.

பெற்றோரே, பிள்ளை மீன் கேட்டால் மறுக்கவேண்டாம். தொட்டியையும் செடியையும் முதலில் கொடுங்கள். ஆறு வாரம் அதைப் பேணட்டும். பிறகு மீனை அவன் கையில் ஒப்புவியுங்கள்.