வேலைக்கு ஒரு நீதி, வீட்டுக்கு ஒரு நீதி

பல்கேரியாவில் டூப்னிட்சா என்றொரு சிறு நகரம். அங்கே ரோமா இன மக்கள் செறிந்து வாழும் பகுதியில் மின்மீட்டர்களைத் தரையிலிருந்து ஆறேழு மீட்டர் உயரத்தில், கம்பத்தில் மாட்டிவைத்தது மின் நிறுவனம். மற்ற பகுதிகளில் அதே மீட்டர் வழக்கமாக 1.70 மீட்டர் உயரத்தில், கண்ணெதிரே இருந்தது. மின்திருட்டைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு என்றது நிறுவனம். திருடியவர் யார், ஒழுங்காகக் கட்டணம் கட்டியவர் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை; பேட்டையே சந்தேகத்துக்கு ஆளானது. அங்கே மளிகைக் கடை நடத்திய ஒரு பெண், தன் மீட்டரைத் தன்னால் படிக்க முடியவில்லை என்று புகார் கொடுத்தார். அவர் ரோமா அல்ல. ஆனாலும் அந்தப் பாகுபாட்டின் பாதிப்பு அவர்மீதும் விழுவதால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று 2015 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்தப் பேட்டையில் இருந்தவர்கள் ரோமாக்களாக இல்லாமல், ஏதோ ஒரு மதத்தாராகவோ முதியவர்களாகவோ இருந்திருந்தால்? இதே ஒன்றியச் சட்டம் வாய் திறந்திருக்காது.

காரணம் 2000-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஒன்றியம் இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தது. ஜூனில் வந்தது இனம் பற்றியது: வேலை, கல்வி, மருத்துவம், வீடு, கடை என எல்லா இடங்களிலும் பாகுபாட்டைத் தடுத்தது. நவம்பரில் வந்தது மதம், மாற்றுத்திறன், வயது, பாலியல் நாட்டம் பற்றியது. அதன் அதிகாரம் அலுவலக வாசலோடு நின்றுவிடும். இந்த வேறுபாட்டை யாரும் உட்கார்ந்து அறநெறி ஆராய்ந்து வகுக்கவில்லை. அந்தப் பிப்ரவரியில்தான் ஆஸ்திரியாவில் தீவிர வலதுசாரிச் சுதந்திரக் கட்சி ஆட்சியில் பங்கு பெற்றிருந்தது. இனவெறிக்கு எதிராக ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அவசரத்தில் முதல் ஆணை விறுவிறுவென நிறைவேறியது. மற்றவர்களுக்கு அப்படியொரு பிப்ரவரி வாய்க்கவில்லை.

விளைவு விசித்திரமானது. துருக்கியர் என்பதால் ஒரு பெண்ணுக்கு வாடகை வீடு தர மறுத்தால் அது ஒன்றியச் சட்டத்துக்கு விரோதம். “துருக்கியர் என்றால் எனக்கு ஒன்றுமில்லை, முஸ்லிம்தான் வேண்டாம்” என்றால் அந்தச் சட்டம் தொடாது. அந்தந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால்தான் உண்டு. படியிறங்கிப் போகும் அந்தப் பெண்ணுக்கு இரண்டு பதிலும் ஒன்றுதான். அவமானத்தை எந்த அடையாளத்தின் பெயரால் செய்தார்கள் என்பதைப் பொறுத்துப் பரிகாரம் மாறுவதற்கு அறத்தில் இடமில்லை.

இந்த ஓட்டையை அடைக்க ஐரோப்பிய ஆணையம் 2008 ஜூலையில் ஒரு வரைவை முன்வைத்தது. 2009 ஏப்ரலில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஆதரித்து வாக்களித்தது. ஆனால் உறுப்பு நாடுகள் எல்லாம் ஒருமனதாக ஒப்புக்கொண்டாக வேண்டும் என்பது விதி. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அந்த ஒருமனம் கூடிவரவில்லை. முட்டுக்கட்டை போட்டவற்றில் முக்கியமானது ஜெர்மனி. வேடிக்கை என்னவென்றால், 2006-இல் இயற்றிய தன் உள்நாட்டுச் சட்டத்திலேயே மதம், வயது சார்ந்த பாகுபாட்டுக்கான தடையை வேலைக்கு வெளியேயும் நீட்டிய நாடு அது.

எதிர்ப்பவர்களின் வாதங்களில் ஒன்று செலவு. அதைப் பொய் என்று தள்ள முடியாது. ஆண், பெண் என்று பார்த்துக் காப்பீட்டுக் கட்டணம் வகுக்கக் கூடாது என்று ஒன்றிய நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தபோது, வாகனக் காப்பீட்டில் இளம் பெண்களுக்கு இருந்த சலுகையும் சேர்ந்தே போனது. முதியோருக்கான பேருந்துச் சலுகை போன்றவற்றுக்கு விலக்குகள் வேண்டியிருக்கும். ஆனால் விலக்கு தேவைப்படுகிறது என்பதற்காகச் சட்டமே வேண்டாம் என்பது வேறு பேச்சு.

இன்னொரு வாதம் கனமானது. தன் வீட்டுக்குள் யாரை விடுவது, தன் மனசாட்சி எதற்கு இடம் தரும் என்பதில் அரசுக்கு என்ன வேலை? பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்தில் அதன் உச்ச நீதிமன்றம் இதை இரண்டு முறை எடைபோட்டது. கார்ன்வாலில் விடுதி நடத்திய கிறிஸ்தவத் தம்பதி, ஓரினச் சேர்க்கையாளர் இருவருக்கு இரட்டைக் கட்டில் அறை தர மறுத்தது தவறு என்று 2013-இல் சொன்னது. ஓரினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக்கில் எழுத மறுத்த பெல்ஃபாஸ்ட் பேக்கரிக்காரர்கள் பக்கம் 2018-இல் நின்றது. முதலாவதில் மறுக்கப்பட்டது ஆள். இரண்டாவதில் மறுக்கப்பட்டது வாசகம், அதை யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள். சட்டம் விரிந்தால் மனசாட்சி நசுங்கும் என்ற அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது.

வீட்டு விஷயத்தில் ஜெர்மன் சட்டம் இரண்டு கோடுகள் கிழிக்கிறது. உரிமையாளரும் குடித்தனக்காரரும் ஒரே மனையில் வாழ்ந்தால் விலக்கு. இது நியாயம், அடுத்த அறையில் யார் இருப்பது என்று முடிவெடுப்பது அவரவர் வாழ்க்கையோடு ஒட்டியது. இன்னொன்று, 50 வீடுகள் வரை வாடகைக்கு விடுபவரை இன அடிப்படையிலான மறுப்பைத் தவிர மற்ற தடைகள் பொதுவாகக் கட்டுப்படுத்தா. நாற்பது வீட்டுக்குச் சொந்தக்காரர் நடத்துவது குடும்பம் அல்ல, தொழில். இந்தக் கோட்டுக்கு நியாயம் சொல்வது கடினம்.

இந்தியா வேறு வழியில் போய் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை எதிலும் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) பிரிவு 1950-லேயே சொல்லிவிட்டது. கடை என்பது சேவை தரும் எவரையும் குறிக்கும் என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். ஆனால் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற வீட்டுவசதிச் சங்க விதியை 2005-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தீண்டாமையின் பெயரால் குடியிருப்பு மறுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எச்ஐவி தொற்றுள்ளவருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் திருநர்களுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகை வீட்டில் பாகுபாடு கூடாது என்கின்றன. மதத்தைக் கேட்டுவிட்டு, “வீடு ஏற்கெனவே பேசியாச்சு” என்று அனுப்பப்பட்டவர் கையில் எடுத்துக்கொண்டு போக அப்படியொரு மத்தியச் சட்டம் கிடையாது.