உதிர்ந்த முடிக்கு யார் காரணம்?



பிரியமானவர்களே, இம்முறை தலைமுடியைப் பற்றி எழுதுகிறேன். "என்ன பாஸ்டர், எழுத வேற விஷயமே இல்லையா?" என்று கேட்பீர்கள். ஒரு கைப்பிடி முடியினிமித்தம் நான் ஒரு ஆத்துமாவை நோகடித்துவிட்டேன். "எழுதுங்க பாஸ்டர், இன்னொருத்தருக்கு உதவும்" என்று அந்தச் சகோதரியே சொன்னபடியால் எழுதுகிறேன்.

அவர்களுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஜெபத்துக்கு வந்தவர்கள் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார்கள். அன்று காலை சீப்பில் வந்த முடி! "தலைக்குக் குளிச்சா கொத்துக் கொத்தா வருது பாஸ்டர்" என்று அழுதார்கள். ஒழுங்காக எண்ணெய் வைக்காததுதான் காரணம் என்று மாமியார் குறை சொன்னார்களாம். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார்களாம். நானோ எல்லாரையும்விட மோசமாக, "குழந்தை வந்ததும் ஜெபம் குறைஞ்சு போச்சோ? உங்களையே ஆராய்ந்து பாருங்கம்மா" என்றேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர்கள் ஆராதனைக்கு வரவில்லை.

பிறகுதான் ஒரு தோல் டாக்டரிடம் விசாரித்தேன். அவர் விளக்கியபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

மனுஷர் தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் மாதம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டராக, 2 முதல் 6 வருஷம் வரை வளர்கிறது. பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேர் சுருங்கி வளர்ச்சி நின்றுவிடுகிறது. அதன்பின் சுமார் 3 மாதம் சும்மா ஓய்ந்திருந்து, கடைசியில் உதிர்கிறது. அதே குழியிலிருந்து புது முடி முளைக்கிறது. நல்ல சுகத்தோடு இருக்கிறவருக்கே தினமும் 50 முதல் 100 முடி உதிருமாம்! ஒவ்வொன்றும் தன் தன் முறைப்படி போவதால் நமக்குத் தெரிவதில்லை.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிகுதியாக இருப்பதால், உதிரவேண்டிய முடியும் உதிராமல் தங்கி நிற்கிறது. பிரசவமானவுடன் அந்த ஹார்மோன் சட்டென்று குறைகிறது. தங்கி நின்றதெல்லாம் ஒன்றாக ஓய்வுக்குப் போய், 2 முதல் 4 மாதத்துக்குள் ஒன்றாகக் கொட்டுகிறது. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிற காலமும் அதுதான். பக்கத்து வீட்டம்மா காலத்தைச் சரியாகச் சொன்னார்கள், காரணத்தைத்தான் தவறாகச் சொன்னார்கள். டைபாய்டு, பெரிய ஆபரேஷன் இவைகளுக்குப் பிறகும் இப்படி நடப்பதுண்டு. 2020, 2021இல் கொரோனாவிலிருந்து எழும்பிய பலருக்கும் இப்படி நடந்தது.

சிந்தித்துப் பாருங்கள்! இன்று சீப்பில் வந்த முடி, மூன்று மாதத்துக்கு முன்பே வளர்ச்சி நின்றுபோன முடி. இன்றைய எண்ணெயும் அதற்குக் காரணமல்ல, நேற்றைய ஜெபக்குறைவும் காரணமல்ல. நாமோ விழுந்ததைக் கண்டவுடனே, பக்கத்தில் நிற்கிறவர் யாரென்று பார்த்து அவர்மேல் குற்றத்தைப் போடுகிறோம். கடை நொடித்துப் போனாலும், கரு கலைந்தாலும், பிள்ளை பரீட்சையில் தவறினாலும் இதைத்தானே செய்கிறோம்?

யோபுவின் சிநேகிதர் 7 நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தமட்டும் நல்ல சிநேகிதர்தான். காரணம் சொல்லத் தொடங்கினபோதுதான் தவறிப்போனார்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்களும் யார் செய்த பாவம் என்றே கேட்டார்கள். ஆண்டவர் அந்தக் கேள்விக்கே இடங்கொடுக்கவில்லை (யோவான் 9).

"அப்படியானால் தப்பைக் கண்டிக்கவே கூடாதா பாஸ்டர்?" என்பீர்கள். கண்ட தப்பை அன்போடு கண்டிக்கலாம். ஆனால் ஒருவருடைய இழப்பைப் பார்த்து, காணாத தப்பை நாமே உண்டாக்குவது அநியாயம். அது ஏற்கெனவே அழுகிறவருக்கு இன்னொரு பாரத்தைக் கொடுக்கிறது.

நம் தலைமுடி எல்லாம் தேவனுடைய கணக்கில் இருக்கிறதென்று மத்தேயு 10:30இல் வாசிக்கிறோம். தினமும் உதிர்ந்து தினமும் முளைப்பதால் அந்தக் கணக்கும் தினமும் மாறுமே! இன்று உதிர்ந்ததும் அவருக்குத் தெரியும், நாளை முளைப்பதும் தெரியும். எண்ணுகிறவர் அவர். உதிர்ந்ததைக் காட்டிக் குற்றக்கணக்கு எழுதும்படி அவர் நம்மை வைக்கவில்லை.

நான் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போய், "என்னை மன்னிச்சிடுங்கம்மா, தெரியாம பேசிட்டேன்" என்றேன். திட்டுத் திட்டாக முடி போனாலோ, ஒரு வருஷம் கழித்தும் நிற்காவிட்டாலோ டாக்டரிடம் காட்டும்படியும் சொன்னேன். பிள்ளையின் முதல் பிறந்தநாள் ஜெபத்துக்குப் போனபோது, அவர்கள் நெற்றியோரத்தில் குட்டை முடிகள் சீப்புக்கு அடங்காமல் நின்றன. "பாருங்க பாஸ்டர், வாரவே முடியல" என்று சிரித்தார்கள்.

அன்பானவர்களே, யாராவது தன் பொட்டலத்தை உங்கள் முன் பிரித்தால், காரணம் தேடாதிருங்கள். முதலில் கூட உட்காருங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.