கடனாளியிடம் காணிக்கை கேட்கும் உபதேசம்

கடனில் மூழ்கியிருப்பவரிடம் போய், கடவுளுக்குக் கொடுங்கள், பன்மடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லலாமா? திரும்பி வராதபோது, உங்கள் விசுவாசத்தில்தான் குறை என்று சொல்லலாமா? தமிழ்ச் சபைகளில் செழிப்பு உபதேசம், ஆசீர்வாத உபதேசம் என்றெல்லாம் பேசப்படுவதைக் கிறிஸ்தவ மனசாட்சி இந்த இரண்டு கேள்விகளால்தான் அளக்க வேண்டும். ஊழியரின் காரும் பங்களாவும் கண்ணில் படுவதால் விமர்சனம் பெரும்பாலும் அவற்றோடு நின்றுவிடுகிறது. அந்தப் போதனை ஏழையின் நெஞ்சுக்குள் என்ன செய்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

அதன் சாரம் இதுதான். உடல்நலமும் பொருள்வளமும் விசுவாசியின் உரிமை. சிலுவையிலேயே அவை வாங்கித் தரப்பட்டுவிட்டன. வாயால் அறிக்கையிட்டு, காணிக்கையை விதையாக விதைத்தால் அவை கைக்கு வந்துசேரும். 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கென்னத் ஹேகின், ஓரல் ராபர்ட்ஸ் போன்ற பிரசங்கிகளிடம் வளர்ந்த இந்தப் போதனை, பெருங்கூட்டங்கள் வழியாகவும் பின்னர் தொலைக்காட்சி வழியாகவும் தமிழ்நாட்டுக்கு வந்தது. டி.ஜி.எஸ். தினகரன் தொடங்கிய 'இயேசு அழைக்கிறார்' ஊழியத்தில் பிள்ளைகளுக்கு இளம் பங்காளர் திட்டம், குடும்பத்துக்கு ஒரு திட்டம், தொழிலுக்கு ஒரு திட்டம் என்று காணிக்கையோடு பெயரைப் பதிவு செய்துகொள்ளும் முறை தமிழ்க் கிறிஸ்தவர்கள் நன்கு அறிந்தது. அந்த ஊழியத்தின் ஜெபத்தில் ஆறுதல் அடைந்தவர்கள் ஏராளம். அவர்களுடைய கண்ணீரைப் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஆசீர்வாதமும் தொகையும் ஒரே படிவத்தில் வரும்போது, கட்டினால் கிடைக்கும் என்ற எண்ணம் யாரும் சொல்லித் தராமலே மனத்தில் பதிந்துவிடுகிறது. சிறிய சபைகள் பலவற்றில் அது வெளிப்படையான பிரசங்கமாகவே ஆகிவிட்டது.

இந்தப் போதனைக்கு ஏன் இவ்வளவு வரவேற்பு என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். பழைய சபைகள் பல, ஏழையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மறந்தவை. சாதி பார்த்து இடம் ஒதுக்கியவை, சொத்து வழக்குகளில் காலம் கழித்தவை. அங்கே பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கு, நீங்கள் ராஜாவின் பிள்ளை, தாழ்ந்து கிடக்கப் பிறந்தவர் அல்ல என்ற சொல் முதல்முறையாக முதுகை நிமிர்த்தியது. அந்தச் சொல்லைக் கேட்டுக் குடியை நிறுத்தியவர்கள் உண்டு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் உண்டு. வறுமையே புனிதம் என்று வயிறு நிறைந்தவர்கள் உபதேசிப்பதற்கு இது எவ்வளவோ மேல். பசி நீங்க வேண்டும், கூலி உயர வேண்டும் என்று விரும்புவது பேராசை ஆகாது.

இத்தனையையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தப் போதனை தவறு. ஏன் தவறு என்பது, காஞ்சிபுரத்தை அடுத்த நெசவு ஊரான ஐயம்பேட்டை போன்ற ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகிறது.

காஞ்சிபுரம் வட்டாரத்துப் பட்டு நெசவில் பெரும்பாலான தறிக்காரர்கள் தமக்காக நெய்பவர்கள் அல்ல. பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை அல்லது கூட்டுறவுச் சங்கத்துடையவை. நெய்பவருக்குக் கிடைப்பது கூலி. தனியாரிடம் நெய்பவர் கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ முன்பணம் வாங்குகிறார். அது தீரும்வரை வேறு இடத்துக்குப் போக முடியாது, கூலி குறைவு என்று வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. இந்த முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகளே தறியில் உட்கார வைக்கப்பட்ட கொடுமையை, காஞ்சிபுரத்தையும் சேர்த்து, மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு 2003இல் அறிக்கையாக வெளியிட்டது. பட்டு நூல் விலை, தங்கம் வெள்ளியோடு ஏறும் ஜரிகை விலை, கைத்தறி என்ற பெயரில் விற்கப்படும் விசைத்தறிச் சேலை, மழைக்காலத்தில் ஈரம் இறங்கி நின்றுபோகும் பாவு: நெசவாளர் வீட்டின் இல்லாமைக்குக் காரணங்கள் இவை. இவற்றில் எது அவருடைய விசுவாசக் குறைவு?

இப்படிப்பட்ட வீடு ஒன்றில் விதைக் காணிக்கை பற்றிய பிரசங்கம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சேலைக்கு வரப்போகும் கூலியிலிருந்து ஒரு தொகையைப் பொருத்தனையாக எழுதிக் கொடுக்கிறார்கள். மாதங்கள் போகின்றன, கடன் அப்படியே இருக்கிறது. இப்போது அந்த வீட்டில் இரண்டு முன்பணங்கள். ஒன்று முதலாளியிடம் வாங்கியது, இன்னொன்று கடவுளிடம் கட்டியது. முதலாவது கையைக் கட்டுகிறது, இரண்டாவது மனத்தைக் கட்டுகிறது. முதலாளியின் கணக்கிலாவது பாக்கி எவ்வளவு என்று எழுதியிருக்கும். இந்தக் கணக்கில் பாக்கி எப்போதும் விசுவாசியின் பக்கமே நிற்கும். வந்தால் உபதேசம் மெய். வராவிட்டால் விசுவாசம் பொய். எப்படி முடிந்தாலும் போதகர் தோற்பதில்லை. கேட்டவரை மட்டுமே குற்றவாளியாக்கும் போதனை எந்தத் தராசிலும் அறமாக நிற்காது.

வேதாகமம் இந்தக் கணக்கை ஏற்பதில்லை. தசமபாகத்துக்காக எடுத்துக் காட்டப்படும் மல்கியா 3ஆம் அதிகாரத்தின் 10ஆம் வசனம், வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வாக்கு, ஏறக்குறைய எல்லாக் காணிக்கைப் பிரசங்கத்திலும் வருகிறது. அதே அதிகாரத்தின் 5ஆம் வசனம் ஏன் வருவதில்லை? கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குபவர்களுக்கும் எதிராகக் கடவுளே சாட்சியாக வருவதாக அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. 10ஐ வாசித்து 5ஐ விட்டுவிடுவது, கூலி வாங்குபவரிடம் காணிக்கை கேட்டுக்கொண்டே கூலியைப் பிடித்தம் செய்பவரைக் காப்பாற்றுவதாகும். அந்தத் தசமபாகமோ, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லேவியர், அந்நியர், அனாதை, விதவை ஆகியோர் சாப்பிட்டுத் திருப்தியாவதற்காக ஊர்வாசல்களில் வைக்கப்பட வேண்டும் என்று உபாகமம் 14 கட்டளையிட்டது. ஏழைக்குப் போய்ச் சேர வேண்டியதை ஏழையிடமே வசூலிப்பது அந்தக் கட்டளையைத் தலைகீழாக்குவது.

விதைப்பும் அறுப்பும் பற்றிய பவுலின் சொற்களும் அப்படியே. 2 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தில் அவர் பேசுவது எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய உதவியைப் பற்றி. அந்த விதை விழுந்த நிலம் பசித்தவரின் கை. அதையும் வருத்தத்தோடோ கட்டாயத்தாலோ தரக்கூடாது என்றார். பணத்தைக் கொண்டுபோகும் பொறுப்பில் சபைகள் தெரிந்தெடுத்தவரையும் சேர்த்துக்கொண்டார், யாரும் தம்மைக் குறை சொல்ல இடம் இருக்கக்கூடாது என்பதற்காக. தெசலோனிக்கேயில் ஒருவருக்கும் பாரமாக இராதபடி இரவும் பகலும் கைவேலை செய்து பிரசங்கித்தார். கூடாரத் தொழில் செய்த அந்தக் கைகளுக்கு உழைப்பாளியின் காசு எவ்வளவு கனமானது என்று தெரிந்திருந்தது.

காணிக்கைக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் ஏழை விதவையின் இரண்டு காசு, மாற்கு 12இல் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். விதவைகளின் வீடுகளைப் பட்சித்துவிட்டு நீண்ட ஜெபம் செய்யும் வேதபாரகரை இயேசு கண்டித்த உடனே அது வருகிறது. அடுத்து அவர் சொல்வது அந்த ஆலயம் கல்லின்மேல் கல் இராமல் இடிக்கப்படும் என்பது. அவள் அன்பு உயர்ந்தது. அவளிடம் மிஞ்சியதையும் வாங்கிக்கொண்ட அமைப்பை அவர் வாழ்த்தவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக யோபு. சொத்தும் பிள்ளைகளும் உடல்நலமும் போன அந்த மனிதரிடம், குற்றம் இல்லாமல் இப்படி நடக்குமா என்று நண்பர்கள் கேட்டார்கள். இன்றைய செழிப்பு உபதேசம் அவர்களுடைய வாதத்தின் மறுபக்கம்தான். நெய்கிறவர் எறியும் நாடாவைவிட வேகமாகத் தம் நாட்கள் ஓடுவதாகவும், அவை நம்பிக்கை இல்லாமல் முடிவதாகவும் புலம்பியவர் யோபு. தறியில் உட்கார்ந்த எவருக்கும் அந்தப் புலம்பல் புரியும். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது புலம்பியவரை அல்ல, அவருக்குக் காரணம் கற்பித்த நண்பர்களை. பிறவிக் குருடரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று கேட்ட சீடர்களுக்கும் இயேசு, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றே பதில் தந்தார்.

யோபுவுக்கு இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்ததே என்று ஒரு மறுப்பு எழும். கிடைத்தது, ஆனால் காணிக்கைக்குப் பலனாக அல்ல. எல்லாருக்கும் அப்படிக் கிடைக்கும் என்றும் சொல்லப்படவில்லை. பவுலின் உடலில் இருந்த முள் மூன்றுமுறை வேண்டியும் எடுக்கப்படவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிபவர் யார்?

தமிழ்த் திருச்சபையின் சொந்த வரலாறே இதற்கு எதிர்சாட்சி. 1517இல் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராக லூத்தர் எழுப்பிய குரலிலிருந்து பிறந்த மரபுதான் 1706இல் மிஷனரி சீகன்பால்குவோடு தரங்கம்பாடியில் இறங்கியது. அருளுக்கு விலை கிடையாது என்பது இந்த மண்ணின் சீர்திருத்தச் சபைக்கு முதல் பாடம். 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் தோழர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, எளிய கிறிஸ்தவர்கள் தந்த பணம் முன்பின் அறியாத தெலுங்கு நாட்டு மக்களைத் தேடிப் போனது. அவர்களும் தியாகத்தோடுதான் கொடுத்தார்கள். பிறருக்காகக் கொடுத்தார்கள். ஏழை கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பது அவருடைய மாண்பு. அந்த மாண்பைப் பரிசுச்சீட்டு ஆசையாக மாற்றுவதுதான் பாவம். ஆப்பிரிக்க இறையியலாளர்கள் 2008, 2009இல் கானாவின் அக்ரோபாங்கில் லொசான் என்ற உலகளாவிய சுவிசேஷ இயக்கத்தின் சார்பில் கூடி, வறுமையின் நடுவில் வாழும் சபைகளிலிருந்தே இந்தப் போதனையைப் பொய்ச் சுவிசேஷம் என்று மறுத்தார்கள். ஆகவே இந்த மறுப்பு வசதி படைத்தவர்களின் பொறாமைப் பேச்சு அல்ல.

கண்டித்தால் மட்டும் போதாது. புத்தாண்டு இரவில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் மகிழ்வேன் என்ற ஆபகூக்கின் அறிக்கைக்கும் இடம் வேண்டும். வளம் பெற்றவர் மேடையேறிச் சாட்சி சொல்லும் சபையில், பெறாதவரும் தலைகுனியாமல் எழுந்து பேச வேண்டும். காணிக்கைக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது சபையார் முன் வாசிக்கப்பட வேண்டும். முன்பணத்தில் சிக்கிய நெசவாளருக்காக ஜெபிக்கும் சபை, நியாயமான கூலிக்காகவும் அவரோடு போய்ப் பேச வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் சேர வழிகாட்ட வேண்டும். வட்டியில்லாத அவசர உதவிக்கு ஒரு நிதி வைத்திருக்க வேண்டும். கடனில் இருப்பவர் பொருத்தனை என்று பணத்தைக் கொண்டுவந்தால், போதகர் அதைத் திருப்பிக் கொடுத்து, முதலில் கடனை அடையுங்கள், உங்கள் குடும்பம் சாப்பிடட்டும், கடவுள் உங்களை நேசிப்பதற்கு இது தேவையில்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் போதகரின் காணிக்கைப் பெட்டி சற்றுக் குறையலாம். அவர் பிரசங்கிக்கும் சுவிசேஷம் குறையாது.