கொன்றவர் யார்?

கொலை என்றதும் நாம் கருவி ஏந்திய கையைத்தான் தேடுகிறோம். அந்தக் கை அகப்பட்டுவிட்டால் நம் நெஞ்சு அமைதி கொள்கிறது. இவ்வளவு எளிதில் அமைதி கொள்வது அறமாகுமா என்னும் வினாவை, நமக்குத் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் ஒரு வடகடற்கரை நம்முன் எழுப்பியிருக்கிறது.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் சென்ற கோடையில் ஸ்வால்பார்ட் சென்று மீண்டார். நார்வேயின் ஆட்சிக்குட்பட்ட தீவுக்கூட்டம் அது. நிலப்பரப்பில் பாதிக்கு மேல் பனியாறுகளே மூடிக் கிடக்கின்றன. லாங்யியர்பியன் என்னும் சிற்றூரிலிருந்து புறப்பட்ட பாய்மரக் கப்பலில் சிலநாள் சுற்றினார். வெண்கரடியைத் தொலைவிலிருந்து கண்டார். தந்தம் தாங்கிய வால்ரஸ் விலங்குகள் கரையில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்து உறங்குவதைக் கண்டார். பனியாற்றின் முகம் இடிந்து கடலில் விழும் ஓசையை இரவென்றே தெரியாத நள்ளிரவில் கேட்டார். காற்று வாய்த்தபோது பாய் விரித்தார்களாம். வாய்க்காதபோது டீசல் பொறி உதவிற்றாம். காணச் செல்வோர் கரையிறங்கும்போது வழிகாட்டியின் தோளில் துப்பாக்கி தொங்குமாம், கரடி நெருங்கிவிட்டால் என்செய்வது என்று! பார்க்க மட்டுமே வந்தோம் என்பார் கையிலும் கருவி இருக்கிறது.

ஆயினும் அவரை உறங்கவிடாமற் செய்தது கரடியன்று; வடமேற்கு மூலையில் உள்ள ஆம்ஸ்டர்டாம் தீவின் மணற்கரை. அங்கே தரையோடு தரையாய்ச் சில கரிய வட்டங்கள் உள்ளன. மணலும் கல்லும் திமிங்கில எண்ணெயும் கலந்து இறுகிப் பாறையாகிவிட்ட அடுப்படிகள் அவை. அவ்விடத்தின் பெயர் ஸ்மீரென்பர்க். டச்சு மொழியில் 'கொழுப்பூர்' என்று பொருள். அதற்கு அருகிலேயே, அண்டைத் தீவுகளில், திமிங்கில வேட்டையர்களின் கல்லறைகள். "மாமா, அடுப்பைப் பார்த்தபோது அவர்களை வெறுத்தேன், கல்லறையைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. இதில் எது சரி?" என்று நம்மிடம் கேட்டார்.

செய்தியைச் சற்று விரிவாகவே நோக்குவோம். 1596-இல் வில்லெம் பாரென்ட்ஸ் என்னும் டச்சு மாலுமி அத்தீவுகளைக் கண்டார். இருபதாண்டுகளுக்குள் வணிகர்கள் வந்துவிட்டனர். அவர்கள் நாடிவந்தது வில்தலைத் திமிங்கிலம். மெதுவாக நீந்துவது, இறந்தபின் மூழ்காமல் மிதப்பது, தோலுக்கடியில் முழங்கை நீளத்துக்குக் கொழுப்புடையது. வேட்டையாடுவோர்க்கு இதனினும் வசதியான விலங்கு ஏது? விரிகுடாக்களில் அவற்றை ஈட்டியால் எறிந்து கொன்று, கரைக்கு இழுத்து, பெரிய செப்புக் கொப்பரைகளில் கொழுப்பை உருக்கினர். எண்ணெய் ஐரோப்பிய நகரங்களின் விளக்குக்கும் சவர்க்காரத்துக்கும் சென்றது. வாயில் தொங்கும் வளையுந் தகடுகள் மாதர் இடைக்கச்சுகளுக்குச் சென்றன. 1660 அளவில் விரிகுடாக்கள் வெறுமையாயின, கொழுப்பூர் கைவிடப்பட்டது. வேட்டை மட்டும் நிற்கவில்லை, ஆழ்கடலுக்கு நகர்ந்தது. இருநூறாண்டுகளுக்கு மேல் வாழவல்ல உயிரினம் அது. அக்கடலில் இன்று மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன.

கொழுப்பூரில் பல்லாயிரவர் வாழ்ந்தனர், கடைத்தெருக்கள் இருந்தன என்றெல்லாம் பிற்காலத்தில் கதை வளர்ந்தது. (ஊரைப் பெருக்கிச் சொல்வதில் டச்சுக்காரர் நமக்கு இளைத்தவரல்லர் போலும்.) அகழ்ந்து பார்த்தபோது, கோடையில் ஏறத்தாழ இருநூறு பேர் உழைத்த இடம் என்றே தெரிந்தது. 1634-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கொப்பரைகளைக் காக்க எழுவரை அங்கேயே விட்டுச் சென்றனர். அவர்களுக்கு முந்தைய ஆண்டு தங்கிய எழுவர் பிழைத்திருந்தனர், அந்த நம்பிக்கைதான். மறு கோடையில் கப்பல் வந்தபோது எழுவரும் பிணமாகக் கிடந்தனர். காய்கனி இல்லாமையால் வரும் ஸ்கர்வி நோய் அவர்களைத் தின்றிருந்தது.

1980-இல் அப்பகுதிக் கல்லறைகளைத் திறந்த டச்சு ஆய்வாளர்கள், மண்டையோடுகளின்மேல் கம்பளித் தொப்பிகள் அப்படியே இருக்கக் கண்டனர். ஒவ்வொன்றின் கோடும் நிறமும் வெவ்வேறு. கடுங்குளிரில் கண்மட்டும் தெரியப் போர்த்தியிருந்தவர்கள், தொப்பியின் கோட்டைக்கொண்டே இன்னார் என ஒருவரையொருவர் அறிந்தார்களாம்.

இதைப் படித்தபோது நம் மனம் பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வந்த நம்மவர்மேல் தாவியது, அதை மறைப்பானேன்? அந்த வேட்டையன் கூலிக்கு வந்தவன். இலாபம் ஆம்ஸ்டர்டாமில் இருந்தது. 1614-இல் தனியுரிமை பெற்ற வணிகக்குழுவின் பேரேட்டில் இருந்தது. ஈட்டி அவன் கையில். விளக்கு வேறொருவர் வீட்டில். புலால் மறுத்தல் கூறவந்த வள்ளுவர் கொல்வானோடு நில்லாமல், விலைகொடுத்து வாங்குவானையும் வழக்கில் சேர்த்தது நமக்குத் தெரியாததன்று. அவ்வாறாயின் அந்த ஒளியில் நூல் படித்த சான்றோரும், தைத்த சிறுமியரும் கொன்றவர்களே. இம்முடிவு கசக்கிறது. ஆனால் இதனை மறுக்க நமக்கு வழி தெரியவில்லை. கூலியாள்மேல் இரங்குவதால் திமிங்கிலத்தின்மேல் இரக்கம் குறைந்துவிடும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. அழுத பெண் பிழை செய்யவில்லை. வெறுப்பைக் கல்லறையோடு நிறுத்தியிருந்தால்தான் பிழை.

இனி, பனியாற்றுக்கு வருவோம். 2024 கோடையில் ஸ்வால்பார்டின் பனி, அதுவரை பதிவாகாத அளவில் உருகிற்று. இதற்கு ஈட்டி எறிந்த கை எது? அங்கே நியோலசுண்ட் என்னுமிடத்தில் நம் நாட்டின் 'ஹிமாத்ரி' ஆய்வுநிலையம் 2008 முதல் இயங்குகிறது. துருவத்தின் வெப்பத்துக்கும் நம் பருவமழைக்கும் உள்ள உறவு அங்கே ஆராயப்படுகிறது. இங்கே நம் வீட்டுக் குளிரூட்டி ஓடுகிறது. கோடை விடுமுறைக்கு ஊர்செல்ல விமானம் ஏறுகிறோம். பழைய வேட்டையனாவது தான் கொன்ற உயிரின் கண்ணைக் கண்டான். நமக்கு அதுவும் இல்லை. அந்த நாட்டார் வாளாவிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1952-இல் வால்ரஸைக் காத்தனர்; அது திரும்பி வந்தது. 1973-இல் வெண்கரடியைக் காத்தனர். 2025 முதல் கரடியை முந்நூறு மீட்டருக்குள் நெருங்கக்கூடாது, இளவேனிலில் ஐந்நூறு. கையைத் தடுக்கச் சட்டம் போதும். கையே இல்லாத குற்றத்துக்கு எத்தனை மீட்டர் விதிப்பது?

அந்தப் பெண் வரும் கோடையில் தம் தந்தையாரையும் அழைத்துச் செல்ல விரும்புகிறார். நாற்பதாண்டு அலுவலகமும் ரேஷன் வரிசையுமாய்க் கழித்தவர். ஒருமுறையேனும் பனியாற்றைக் காணட்டும் என்பது மகளின் ஆசை. "போகலாமா, மாமா?" என்றார். போகாதே என்று கூற நமக்கு நாவெழவில்லை. போய்வா என்று வாய்நிறைய வாழ்த்தவும் இயலவில்லை. வழியில் ஆம்ஸ்டர்டாமில் இறங்கினால் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அந்தத் தொப்பிகள் இருக்கின்றன. அப்பாவுக்குக் காட்டு என்று மட்டும் சொன்னோம்.