வயிரமும் வன்னெஞ்சும்

மன உறுதி எங்கே முடிகிறது? வன்னெஞ்சம் எங்கே தொடங்குகிறது? வாழ்க்கையில் நாம் அனைவரும் ஏதேனும் ஒரு நாளில் சந்திக்கும் இக்கேள்விக்கு விடை காண, ஒரு சிறு கல்லின் பெயர் நமக்குத் துணைபுரியும்.

ஆங்கிலத்தில் 'டயமண்ட்', பிரெஞ்சில் 'தியமான்', ஜெர்மனில் 'தியாமன்ட்', இத்தாலியிலும் போர்த்துக்கீசியத்திலும் 'தியமாந்தே' என வழங்கும் சொற்கள் யாவும் 'அதமாஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் பிள்ளைகளே. அரபு மொழியின் 'அல்மாஸ்', உருசிய மொழியின் 'அல்மாஸ்' ஆகியனவும் அவ்வழி வந்தவையே. 'அடக்க முடியாதது' என்பது அதன் பொருள். முதலில் மிகக் கடினமான ஓர் உலோகத்தைக் குறித்து, பின்னர் இக்கல்லுக்கு உரியதாயிற்று.

பெயர் கிரேக்கத்தினுடையது; கல்லோ நம் நாட்டினுடையது. 1720-களில் பிரேசிலில் வைரம் கண்டெடுக்கப்படும் வரை, ஐரோப்பிய அரசர்கள் அணிந்த வைரங்களில் பெரும்பாலானவை இந்திய மண்ணிலிருந்து சென்றவையே. சன்னல், மேசை, சாவி, அலமாரி எனப் பல சொற்களை நமக்குத் தந்த போர்த்துக்கீசியருக்கு, வைரத்திற்குப் பெயர் தரவேண்டிய தேவை எழவில்லை. 'வஜ்ரம்' என்ற வடசொல்லின் வழிவந்த 'வயிரம்' இங்கே முன்பே வேரூன்றியிருந்தது.

நம் வழக்கில் இச்சொல்லுக்கு வேறு இரண்டு பொருள்களும் உண்டு. முதிர்ந்த மரத்தின் நடுவே இறுகிக் கிடக்கும் பகுதியும் வயிரமே. கலப்பைக்கும் வண்டிக்கும் மரம் தேடும் தச்சர், வயிரம் பாய்ந்த கட்டையைத்தான் நாடுவார். மற்றொன்று பகை. 'வைரி' என்றால் பகைவன். பிறப்பால் வேறான சொல்லேயாயினும், தமிழில் அதுவும் வயிரம் என்றே ஒலிக்கிறது. ஒளிவிடும் கல், மரத்தைத் தாங்கும் வலிமை, மனத்தில் உறைந்த பகை ஆகிய மூன்றுக்கும் ஒரே பெயர்!

இந்தக் குழப்பம் சொல்லில் மட்டுமன்று, நம் வாழ்விலும் இருக்கிறது. காவிரிப் பாசன ஊர்களில் வாய்க்கால் தண்ணீருக்காகவோ ஒரு முழ வரப்புக்காகவோ பேச்சை நிறுத்திய உடன்பிறந்தோரை நாம் அறிவோம். ஒரே ஆலயத்தில் இருவரும் நற்கருணை வாங்குவர். ஒருவர் வீட்டு இழவுக்கு மற்றவர் போகமாட்டார். கேட்டால், "எனக்கு வைராக்கியம் உண்டு" என்பர். பற்றறுத்த நிலையைக் குறிக்கும் துறவியரின் சொல், பகையை விடாத பிடிவாதத்திற்குப் போர்வையாகிவிடுகிறது.

விவிலியமும் இவ்விருவகைக் கடினத்தையும் அறியும். இறைவாக்கினர் எசேக்கியேலின் நெற்றியைக் கருங்கல்லினும் கடிய வைரம் போலாக்கினதாக ஆண்டவர் கூறுகிறார் (எசே 3:9). தம் சொல்லுக்குச் செவிசாயாத மக்கள் தங்கள் இதயத்தை அவ்வாறே இறுக்கிக்கொண்டதாக செக்கரியா வருந்துகிறார் (செக் 7:12). எபிரேயத்தில் இரண்டு இடங்களிலும் 'ஷாமீர்' என்ற ஒரே சொல். இலத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுசும் இரண்டு இடங்களிலும் 'அதமாஸ்' என்றே எழுதினார். கடினம் ஒன்றே, ஆனால் ஒன்று நெற்றியில் இருக்கிறது, மற்றொன்று நெஞ்சில் இருக்கிறது. ஒன்று இறைவன் தந்தது. மற்றொன்று மனிதர் தாமே ஆக்கிக்கொண்டது.

செக்கரியாவின் மக்கள் எதை மறுத்தார்கள்? கைம்பெண்ணையும் அநாதையையும் அந்நியரையும் ஏழையையும் ஒடுக்காதீர்கள் என்ற கட்டளையையே மறுத்தார்கள். இங்கே நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நம் உறுதி யாருக்கு அரணாக நிற்கிறது, யாருக்கு எதிராகக் கதவடைக்கிறது என்று பார்த்தால் அதன் தன்மை விளங்கும். அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி நெல்லைச் சிறிது கூட்டித் தருமாறு கேட்டு உறுதியோடு நின்றார்கள் உழவுத் தொழிலாளர்கள். அவர்களுக்கு எதிராக நின்றது நிலவுடைமையின் வன்னெஞ்சம். 1968 டிசம்பர் 25 அன்று இரவு, ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து மடிந்தன. அவர்களுள் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும். பாலன் பிறந்த நாளில் நம் வயல்வெளியில் நடந்தது இது. இரு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்லி, இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் அறமாகாது.

ஆனால் வன்னெஞ்சரும் தம்மை உறுதியுடையோர் என்றுதானே எண்ணுகின்றனர்? உண்மை. ஆகவேதான் ஆன்ம சோதனை தேவைப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் இராசராசன் காலத்து நகைகளைப் பட்டியலிடுகின்றன. வைரங்களின் எண்ணிக்கையோடு, அவற்றில் முறிவுடையன, செம்புள்ளியும் கரும்புள்ளியும் உடையன, வெந்தன போன்றன என்று குறைகளையும் மறைக்காமல் பொறித்துள்ளனர். கோயிலுக்குத் தந்த வைரத்தின் குறையையே கல்லில் எழுதினார்கள். இறைவன் திருமுன் நம் உறுதியைப் படைக்கும்போது, அதன் கீறலை நாம் ஏன் மறைக்கவேண்டும்? "இது நீதியின்பால் கொண்ட தாகமா, என் தன்மானத்தின் காயமா?" என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம். பிறரும் நம்மைக் கேட்க இடம் கொடுப்போம்.

மரத்தின் வயிரம் மரத்தைத் தாங்குகிறது. நீரோ அதைச் சுற்றியுள்ள மென்மையான பகுதி வழியாகவே ஏறுகிறது. மரம் முழுவதும் வயிரமாகிவிட்டால் இலைக்கு நீர் செல்லாது, மரம் பட்டுப்போகும். 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரரின் மொழியில் இன்னொரு செய்தி உண்டு. அதே 'அதமாஸ்' அங்கே 'எமான்' எனத் திரிந்து, இரும்பை ஈர்க்கும் காந்தத்தைக் குறிக்கிறது. 'அன்பு செய்கிற' என்னும் பொருளுடைய சொல்லுக்கும் அம்மொழியில் அதே எழுத்து, அதே ஒலி.

நம் ஆண்டவர் எருசலேமை நோக்கிச் செல்ல உறுதிகொண்டார் என்கிறார் லூக்கா (9:51). அந்நகரைக் கண்டதும் அவர் அழுதார் என்பதையும் அவரே எழுதுகிறார் (19:41). உறுதி அவர் கண்ணீரை வற்றச் செய்யவில்லை; கண்ணீரும் அவர் உறுதியைக் கரைக்கவில்லை. நாம் யாரை எதிர்த்து நிற்கிறோமோ, அவருக்காக அழ நம்மால் இன்னும் முடிகிறதா? முடியுமாயின் நம் வயிரம் நெற்றியில் இருக்கிறது. முடியாதெனில், அடுத்த திருப்பலிக்கு முன் நாம் போகவேண்டிய வீடு எது என்பது நமக்கே தெரியும்.