ஏது எங்கே, டீச்சர்?

ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் ஓர் எண்ணெய் விளம்பரத்தை எழுதினேன்: "எங்கள் எண்ணெய் நல்லது, தலைமுறை தலைமுறையாகத் தேய்க்கிறார்கள்." நிறுவ வந்தது எது, காரணம் எது என்று பிரிக்கச் சொன்னேன்.

மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் கற்பிப்பதும் இதையே. பக்கம் (நிறுவ வந்தது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு). மலையில் நெருப்பு உண்டு, புகைகிறதே, அடுக்களையைப் போல. விறகடுப்பு எரியும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடிபட்டது.

அடுத்து வரும் போலி ஏதுக்களில் ஒன்றை விளக்கத்தான் அரை மணி நேரம் ஆனது. சத்தம் அழியக்கூடியது, ஏனென்றால் அது அறியப்படுகிறது என்கிறான் ஒருவன். அழியும் குடமும் அறியப்படுகிறது. அழியாததென்று அந்நூல் கொள்ளும் ஆகாயமும் அறியப்படுகிறது. இரு தரப்புக்கும் பொருந்தும் ஏது எதையும் நிறுவாது. அநைகாந்திகம் என்று அதற்குப் பெயர்.

"தலைமுறை தலைமுறையா வந்தது வேறென்ன?" என்று கேட்டேன்.

"பொங்கல்" என்றான் ஒருவன்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "டீக்கடையில தனி கிளாஸும்தான் டீச்சர்."

வகுப்பில் சத்தமே இல்லை. அந்த எண்ணெயைப் பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

வஞ்சியில் பல சமயத்தார் வாதங்களையும் கேட்டு, மனம் நிறையாமல் காஞ்சிக்கு வந்தவள் மணிமேகலை. அடிகள் தம் பௌத்த அறத்தின் 12 சார்புகளை விரித்துரைப்பது 30-ஆம் காதையில். வாதங்களைச் சோதிக்கும் அளவையை அதற்கு முந்தைய காதையிலேயே கொடுத்துவிடுகிறார். தன் அறத்தையும் உரசிப் பார்க்கக்கூடிய கல்லை ஒரு குரு முதலில் மாணவி கையில் வைக்கலாமா? வைத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உரசத் தெரியாதவள் தலையசைத்தால் அதை நான் நம்பிக்கை என்று சொல்லமாட்டேன்.

மறுநாள் அதே பெண் எழுந்தாள். "பெரியவங்க சொன்னா கேக்கணும்னு போன வாரம் சொன்னீங்க. ஏது எங்க டீச்சர்?"

"அவங்களுக்கு அனுபவம் இருக்கு" என்றேன்.

"ஏமாத்துற பெரியவங்களுக்கும் அனுபவம் இருக்குமே" என்றான் பொங்கல் சொன்ன பையன்.

சரியாகப் பிடித்துவிட்டான். போன வாரம் நான் சொன்ன வாக்கியத்தைப் பலகையில் எழுதி, "கேக்கணும்" என்பதை அழித்தேன். அந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டு, சாக்பீஸை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். "ஏன்னு கேக்கலாம்" என்று எழுதினாள்.