ஈகையின் அளவுகோல் - ஒரு நோக்கு

ஈகையைப் பற்றிப் பேசப் புகும் தமிழர் எவரும் பாரியின் தேரை நினையாதிரார். கொழுகொம்பின்றிக் கிடந்த முல்லைக்குத் தான் ஏறிவந்த தேரையே விட்டுச் சென்றான் அவன். ஒரு சிறு கொம்பை நட்டிருப்பின் போதாதோ எனக் கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் வாகனத்தைத் தருமத்துக்கு வழங்கும் வழக்கம் இன்று செல்வ நாடுகளில் வேறொரு வடிவிற் காணப்படுவதால், அப்பழைய கொடையோடு இப்புதிய கொடையை ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஸ்கொட்ஸ்டேல் நகரில் ஓர் ஏலம் நடைபெற்றது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் மின்சார ஹம்மர் வாகன வரிசையின் முதலாவது வண்டி அங்கு ஏலமிடப்பட்டது. ஆயிரம் குதிரைவலுவும் நான்கு தொன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அவ்வாகனத்தின் விற்பனை விலை 112,595 டொலர். ஏலத்திலோ அது 25 இலட்சம் டொலருக்குப் போயிற்று. அத்தொகை டனல் டு டவர்ஸ் என்னும் அறநிலையத்துக்கு வழங்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு செப்டெம்பர் 11இல் நியூயோர்க்கில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர் ஒருவரின் நினைவாக எழுந்த அந்நிலையம், கடமையில் இறந்தோரின் குடும்பங்களுக்கு வீட்டுக்கடனை அடைத்துக் கொடுக்கிறது. போரில் உறுப்பிழந்தோருக்கு ஏற்ற வீடுகளை அமைத்துக் கொடுக்கிறது.

இங்கு ஈந்தவர் யார்? நிறுவனம் ஒரு வண்டியை விட்டுக்கொடுத்துப் பெரும் விளம்பரத்தைப் பெற்றது. வாங்கியவர் பெருந்தொகை கொடுத்து, வேறெவரிடமும் இல்லாத முதலாம் இலக்க வண்டியைப் பெற்றார். அமெரிக்க வரிச்சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: தரும ஏலத்தில் ஒரு பொருளின் சந்தைப் பெறுமதிக்கு மேலாகக் கொடுத்த பகுதி மட்டுமே நன்கொடையாகக் கொள்ளப்படும். கணக்காளனுக்கு இவ்விடை போதும். அறவியலாளனுக்குப் போதாது. அம்மேலதிகத் தொகையும் முதல்வன் என்னும் பெருமைக்கான விலையாக இருத்தல் கூடுமன்றோ?

இலாபங் கருதி நேர்மையாக விற்கும் கடைக்காரனின் செயல் கடமைக்கு இசைந்ததேயன்றிக் கடமையின் பொருட்டுச் செய்யப்பட்டதன்று என்பார் கான்ற். அவர் நோக்கில் இவ்வேலத்தில் அறமதிப்பைக் காண்பது அரிது. பெந்தாம், மில் முதலிய பயன்பாட்டுவாதிகளோ விளைவையே நோக்குவர். கடன் தீர்ந்த வீட்டில் உறங்கும் குழந்தைக்குக் கொடுத்தவரின் உள்நோக்கத்தால் ஆவது ஒன்றுமில்லை என்பது அவர்தம் வாதம். இரண்டும் பகுதி உண்மைகளே. கொடையின் நன்மை வேறு. கொடுத்தவரின் நன்மை வேறு. முன்னதைப் பெறுபவரின் வாழ்வைக் கொண்டும், பின்னதைக் கொடுத்தவர் எதனை இழந்தார் என்பதைக் கொண்டும் அளத்தல் வேண்டும்.

இவ்விரு அளவுகளையும் ஒன்றாகக் குழப்புவதனால் விளையும் கேடு சிறிதன்று. விலை பெரிதாயின் அறமும் பெரிது என எண்ணப் பழகிய சமுதாயத்தில், காட்சிக்குரிய துயரங்களுக்கே கொடை கிடைக்கும். கவர்ச்சியற்ற துயரங்கள், நாட்பட்ட நோயும் நாட்கூலியின் பசியும் போன்றவை, ஏலமேடைக்கு வருவதில்லை. வறியவரின் உரிமை செல்வரின் பொழுதுபோக்கில் எஞ்சிய மிச்சமாகிவிடும். 1972ஆம் ஆண்டு பீற்றர் சிங்கர் என்னும் மெய்யியலாளர், கிழக்கு வங்க அகதிகளின் துயரை முன்வைத்து, இல்லார்க்கு உதவுதல் புகழுக்குரிய மிகைச்செயலன்று, தவறின் பழிக்குரிய கடமையே என வாதிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. வள்ளுவரும் ஈகைக்கு முன்னதாக ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாக வைத்தார். உலகோடு கூடி வாழ்பவன் இயல்பாகச் செய்யவேண்டிய உதவி முதலில். இரங்கிக் கொடுப்பது அதன் பின்னரே.

அவ்வாறாயின் அவ்வேலப் பணத்தை மறுத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 1964ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்த பாப்பரசர் ஆறாம் பவுல், தாம் ஏறிச்சென்ற காரை அன்னை தெரேசாவிடம் விட்டுச் சென்றார். அன்னையார் அதில் ஏறிச் செல்லவில்லை. அதனை அதிட்டச் சீட்டிழுப்புக்கு விட்டு, கிடைத்த பணத்தைத் தொழுநோயாளரின் குடியிருப்புக்குப் பயன்படுத்தினார். சீட்டு வாங்கியோரிற் பலர் காரை விரும்பியே வாங்கியிருப்பர். அவர்தம் ஆசையும் நோயாளரின் கூரையாயிற்று. தூய உள்ளங்களின் பணத்தை மட்டுமே ஏற்பதென்றால் உலகில் எந்த மருத்துவமனையும் எழாது. பணத்தை ஏற்கலாம், அதனோடு சேர்த்து நமது தீர்ப்பையும் விற்றுவிடலாகாது என்பதே நாம் வற்புறுத்துவது.

இனி முல்லையிடம் மீள்வோம். பாரியின் கொடை முல்லைக்குத் தேவையானதை விட மிகையானது. அவ்வகையில் அது அறிவுக்குப் பொருந்தாததே. எனினும் தேரை விட்டவன் காட்டு வழியே நடந்து திரும்பியிருப்பான். அவன் கொடை அவனது பயணத்தை மாற்றியது. நமது காலக் கொடையாளரோ பெரும்பாலும் நடந்து செல்வதில்லை. அவர்க்கு வேறு தேர்கள் உள. அவர் தந்ததால் எழும் வீடுகளை மகிழ்ந்து வரவேற்போம். ஆனால் ஈகை எது எனக் கேட்குமிடத்து, ஏலத்தொகையைக் கேட்பதை விடுத்து, கொடுத்த பின் அவர் எவ்வாறு வீடு திரும்பினார் எனக் கேட்போம். பல்கலைக்கழகம் வரை வந்துள்ள நாமும் பிறர் தந்த தேர்களில் ஏறியே வந்தோம். ஆதலின் அக்கேள்வி செல்வரை நோக்கியது மட்டுமன்று, நம்மை நோக்கியதுமாகும்.